படைத்தளம் கைநழுவாமல் இருக்க எதில் பணம் போடுவது? அமெரிக்க மாநிலங்களின் அனுபவம்

2005 மே 13 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஒரு பட்டியலை வெளியிட்டார். கனெக்டிகட்டின் குரோட்டன் நீர்மூழ்கித் தளம், மெய்ன் மாநிலம் கிட்டரியில் உள்ள போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல் பட்டறை, தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த் விமானப்படைத் தளம், நியூ மெக்சிகோவின் கேனன் விமானப்படைத் தளம் ஆகியவற்றை மூடிவிடலாம் என்றது அந்தப் பட்டியல். நியூ ஜெர்சியின் ஃபோர்ட் மன்மத், வர்ஜீனியாவின் ஃபோர்ட் மன்ரோ, ஜார்ஜியாவின் ஃபோர்ட் மெக்ஃபர்சன் பெயர்களும் அதில் இருந்தன. ஆகஸ்ட் இறுதியில் கணக்குப் பார்த்தபோது முதல் நான்கும் பிழைத்திருந்தன. அடுத்த மூன்றுக்கும் பூட்டு உறுதியாகியிருந்தது.

அன்றிலிருந்து மாநிலத் தலைநகரங்களில் ஒரு கேள்வி ஓயவில்லை. எது காப்பாற்றியது? அடுத்த முறை காப்பாற்றிக்கொள்ள இப்போதே எதில் பணம் போடவேண்டும்? தளம் மாநிலத்துக்குச் சொந்தமில்லை. நிலம், ஓடுபாதை, வீரர்கள் எல்லாம் மத்திய அரசின் கையில். முடிவும் அங்கேதான். ஆனால் மூடினால் காலியாகும் பள்ளியும் விலை சரியும் வீடும் மாநிலத்தின் தலைவலி. அதனால்தான் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆளுநர்கள், தங்களுக்கு அதிகாரமே இல்லாத ஒரு முடிவை வளைப்பதற்காகப் பெரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். கொட்டும் வழிகள் பல. எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

முடிவு எடுக்கும் முறை

பிராக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தளமூடல் நடைமுறை, அரசியல்வாதிகள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்ட கதை. 1977ல் வந்த ஒரு சட்டம் தளங்களை மூடுவதை ஏறத்தாழ முடியாத காரியமாக்கியது. ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் தன் தொகுதித் தளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். 1988ல் அதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். பின்னர் நிலைபெற்ற வடிவத்தில் அது இப்படி நடக்கும்: பாதுகாப்புத் துறையான பென்டகன் பட்டியல் கொடுக்கும், தனி ஆணையம் ஆராய்ந்து திருத்தும், அதிபர் முழுப் பட்டியலையும் ஏற்கவேண்டும் அல்லது முழுதாகத் திருப்பி அனுப்பவேண்டும், நாடாளுமன்றமான காங்கிரஸ் 45 நாட்களுக்குள் மொத்தமாக நிராகரிக்காவிட்டால் பட்டியல் அமலுக்கு வந்துவிடும். ஒரு தளத்தை மட்டும் உருவியெடுக்க எந்த செனட்டராலும் முடியாது. 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றுகளில் 350க்கும் மேற்பட்ட தளங்களும் நிலையங்களும் மூடப்பட்டன.

2005ல் எடைபோட எட்டு அளவுகோல்கள் இருந்தன. முதல் நான்கும் ராணுவப் பயன்மதிப்பு பற்றியவை: இன்றைய பணிக்கும் நாளைய பணிக்கும் தளம் எவ்வளவு தேவை, நிலமும் வான்வெளியும் எவ்வளவு இருக்கின்றன, அவசரக் காலத்தில் எவ்வளவு படையைத் தாங்கும், செலவு என்ன. சட்டப்படி இந்த நான்குக்குத்தான் முன்னுரிமை. ஐந்தாவது, மூடினால் மிச்சமாகும் பணம். உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு விழும் அடி ஆறாவது இடத்தில். பள்ளி, சாலை, வீட்டுவசதி போன்ற ஊர் வசதிகள் ஏழாவது. சுற்றுச்சூழல் எட்டாவது.

இந்த வரிசையை ஆளுநர் அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். “எங்கள் ஊர் அழிந்துவிடும்” என்று மேடையில் கண்ணீர் விடுவது ஆறாவது அளவுகோலோடு பேசுவது. முதல் நான்கோடு பேசும் செலவுதான் எடையைக் கூட்டும். கீழே ஒவ்வொரு வழியையும் இந்தத் தராசில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

வாதாடுவது

பட்டியல் வந்த பிறகு செய்யக்கூடியது இது. மாநிலம் ஆலோசகர்களை அமர்த்துகிறது. ஓய்வுபெற்ற ஜெனரல்களும் அட்மிரல்களும் அறிக்கை எழுதுகிறார்கள். ஆணைய உறுப்பினர்கள் தளத்தைப் பார்க்க வரும்போது ஊரே வாசகம் அச்சடித்த பனியன் அணிந்து சாலையோரம் நிற்கிறது. போர்ட்ஸ்மத்தில் அப்படித்தான் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். குரோட்டனுக்காக, ஒரு காலத்தில் நீர்மூழ்கி அதிகாரியாக இருந்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரே ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்.

கூட்டமும் கடிதமும் எந்த அளவுக்கு வேலை செய்தன என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எல்ஸ்வொர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த பி-1 குண்டுவீச்சு விமானங்களை டெக்சஸின் டையஸ் தளத்துக்கு மாற்றினால் 20 ஆண்டுகளில் 180 கோடி டாலர் மிச்சம் என்றது பென்டகன். தெற்கு டகோட்டா தரப்பு அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டது. மிச்சம் என்று காட்டப்பட்டதில் பெரும்பகுதி வீரர்களின் சம்பளம். அந்த வீரர்களோ படையை விட்டுப் போகவில்லை. டெக்சஸுக்குப் போய் அங்கே அதே சம்பளத்தை வாங்கப்போகிறார்கள். அப்படியானால் மிச்சம் எங்கே? ஆணையம் இந்த வாதத்தை ஏற்றது. மூடினால் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் தேறாது என்று முடிவுகட்டியது. நாட்டின் பி-1 விமானங்கள் அனைத்தையும் ஒரே ஓடுபாதையில் நிறுத்துவதில் உள்ள ஆபத்தும் பேசப்பட்டது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் தளத்தைக் காப்பேன் என்று பேசி வென்ற செனட்டர் ஜான் தூனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வென்றது சம்பளப் பட்டியலை உட்கார்ந்து படித்தவர்களின் பொறுமை.

மெய்னின் அனுபவம் இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஓடியது. போர்ட்ஸ்மத் பட்டறை பிழைத்தது. ஆனால் அதே மாநிலத்தின் பிரன்ஸ்விக் கடற்படை விமான நிலையத்தைப் பென்டகன் மூடச் சொல்லவில்லை. விமானங்களை அகற்றிச் சுருக்கத்தான் சொன்னது. விமானம் இல்லாத விமான நிலையத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆணையம் யோசித்து, முழுதாகவே மூடச் சொல்லிவிட்டது. ஆணையத்தின் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்லமுடியாது.

வாதத்துக்கு ஆகும் செலவு மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் சில்லறை. அதைச் செய்யாமல் இருக்கவும் முடியாது. ஆனால் 2005ல் பென்டகனின் பரிந்துரைகளில் நூற்றுக்கு 86 அப்படியேயோ திருத்தத்துடனோ நிறைவேறின என்பதை மறக்கக் கூடாது. பட்டியல் வரும்வரை கைகட்டி இருந்துவிட்டு, வந்தபின் ஆலோசகரைத் தேடுவது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நீதிமன்றம்

இதை விரைவாகத் தாண்டிவிடலாம். பிலடெல்ஃபியா கடற்படைப் பட்டறையைக் காக்க செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் உச்ச நீதிமன்றத்தில் தானே வாதாடினார். பிராக் நடைமுறையில் அதிபர் எடுக்கும் முடிவை நீதிமன்றம் ஆராயமுடியாது என்று 1994ல் தீர்ப்பு வந்தது, பட்டறையும் மூடப்பட்டது. 2005ல் பென்சில்வேனியா ஆளுநர் எட் ரெண்டல் வேறு வாசல் வழியாகப் போனார். தேசியக் காவற்படைப் பிரிவுகள் மாநிலத்துக்கும் உரியவை, ஆளுநரின் இசைவில்லாமல் கலைக்கமுடியாது என்று வில்லோ குரோவ் தளத்தின் பிரிவுக்காக வழக்குத் தொடுத்தார். வென்றார். பிரிவு நிலைத்தது. வில்லோ குரோவ் கடற்படை விமான நிலையமோ 2011ல் மூடப்பட்டது. தேசியக் காவற்படை சம்பந்தப்பட்ட தளம் என்றால் ஒரு நல்ல வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. மற்றபடி இது வழியே அல்ல.

சுற்றியுள்ள நிலமும் மேலே உள்ள வானமும்

பெரும்பாலான தளங்கள் ஊருக்கு வெளியே கட்டப்பட்டவை. பிறகு ஊர் அவற்றை நோக்கி நகர்ந்தது. வேலை தளத்தில் கிடைக்கிறது, அதனால் வீடுகள் தளத்தை ஒட்டி முளைக்கின்றன, பின்பு அந்த வீட்டுக்காரர்களே இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் எழுதுகிறார்கள். விமானிகள் உயரத்தையும் திரும்பும் பாதையையும் மாற்றிக்கொள்கிறார்கள். போரில் செய்யவேண்டியதைப் பயிற்சியில் செய்யமுடியாமல் போகிறது. அப்போது முதல் அளவுகோலிலேயே மதிப்பெண் குறைகிறது. அதைக் குறைத்தது பென்டகன் அல்ல. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த நகராட்சி.

வர்ஜீனியா பீச் இதற்கு ஒரு பாடநூல். அங்குள்ள ஓஷியானா, கிழக்குக் கடற்கரையில் கடற்படைப் போர் விமானங்களின் தலைமைத் தளம். பென்டகன் அதைத் தொடவே இல்லை. 2005ல் ஆணையம்தான் தானாக அதைப் பட்டியலில் சேர்த்தது. பல பத்தாண்டுகளாகக் கடற்படை எதிர்த்தும் நகரம் பறக்கும் பாதையின் கீழ் வீடுகளையும் கடைகளையும் அனுமதித்துவந்தது என்பதே குற்றச்சாட்டு. ஆணையம் போட்ட நிபந்தனை கடுமையானது: 2006 மார்ச் முடிவுக்குள் சட்டம் இயற்றவேண்டும், விபத்து வாய்ப்பு மிகுந்த பகுதியில் பொருந்தாத கட்டடங்களை வாங்கவோ கையகப்படுத்தவோ ஆண்டுக்குக் குறைந்தது 1.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டும். தவறினால் விமானங்கள் ஃபுளோரிடாவின் சிசில் ஃபீல்டுக்குப் போகும். 1993 சுற்றில் மூடப்பட்ட பழைய தளம் அது. அங்கிருந்த விமானங்கள் பல ஓஷியானாவுக்குத்தான் வந்திருந்தன.

நகரம் பாதி வழியில் நின்றது. குடியிருக்கும் மக்களை வலுக்கட்டாயமாக வெளியேற்ற மறுத்தது. விற்க விரும்பியவர்களிடம் மட்டும் வாங்கியது. புதிய வீடுகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. செலவை மாநிலமும் நகரமும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. நிபந்தனை முழுமையாக நிறைவேறவில்லைதான். ஆனால் மறுமுனையில், சிசில் ஃபீல்டு இருக்கும் ஜாக்சன்வில் நகரம் பின்வாங்கியது. சிசில் ஃபீல்டு அதற்குள் தொழிற்பூங்காவாகியிருந்தது. 2006 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் போர் விமானங்கள் வேண்டாம் என்றார்கள். ஓஷியானா தப்பியது.

2012 ஏப்ரலில் ஓஷியானாவிலிருந்து கிளம்பிய ஒரு எஃப்ஏ-18 விமானம் வர்ஜீனியா பீச்சில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. இரு விமானிகளும் குதித்துத் தப்பினார்கள். குடியிருப்பில் இருந்தவர்களில் ஒருவரும் சாகவில்லை என்பது இன்றும் நம்பமுடியாத செய்தி. வரைபடத்தில் வண்ணமடித்துக் காட்டும் விபத்துப் பகுதி ஏதோ அதிகாரிகளின் கற்பனை என்று நினைத்திருந்தவர்கள் அதன்பிறகு அப்படிப் பேசவில்லை.

தெற்கு டகோட்டா வர்ஜீனியாவைப் போல் கெடு வரும்வரை காத்திருக்கவில்லை. தப்பிப் பிழைத்த நான்கு ஆண்டுகளில், 2009ல், எல்ஸ்வொர்த் வளர்ச்சி ஆணையம் என்ற மாநில அமைப்பைச் சட்டம் போட்டு உருவாக்கியது. அது விபத்துப் பகுதியில் இருந்த நிலங்களை வாங்கியது. பக்கத்து ஊரான பாக்ஸ் எல்டருக்கும் தளத்துக்கும் பொதுவாக ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முன்நின்றது. சாக்கடை நிலையம் செய்தித்தாளில் முதல் பக்கத்துக்கு வராது. ஆனால் தளம் தன் பழைய நிலையத்தைப் புதுப்பிக்கும் செலவு குறைகிறது, ஊருக்கும் வளர இடம் கிடைக்கிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அதோடு வான்வெளி. தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் மேல் பரந்த பவுடர் ரிவர் பயிற்சிப் பகுதியின் விரிவாக்கம் 2015ல் ஒப்புதல் பெற்றது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் குண்டுவீச்சு விமானம் பக்கத்திலேயே பயிற்சி எடுக்க முடிவது எரிபொருள், நேரம் இரண்டையும் மிச்சப்படுத்துகிறது. புதிய பி-21 விமானத்தின் முதல் தளமாக 2021ல் எல்ஸ்வொர்த்தைத்தான் விமானப்படை உறுதிசெய்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும், 2005ல் மூடவேண்டிய தளம் என்று சொல்லப்பட்ட இடம் அது.

வான்வெளியின் மதிப்புக்கு அலாஸ்காவும் சாட்சி. ஐல்சன் தளத்தின் விமானங்களை அகற்ற 2005ல் ஒரு முயற்சி, 2012ல் இன்னொன்று. இரண்டாவது முயற்சிக்கு பிராக் சுற்றே தேவைப்படவில்லை. மாநிலம் எதிர்த்து நின்றது. இன்று அங்கே எஃப்-35 விமானங்கள் நிற்கின்றன. அவற்றை இழுத்துவந்ததில் அங்கு இருக்கும் பரந்த பயிற்சி வானத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நிலத்தை வாங்குவதில் இன்னொரு வசதி, மாநிலம் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை. 2002ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, தளத்தைச் சுற்றிய நிலத்தைக் கட்டடமில்லாமல் வைத்திருக்க மாநிலங்களோடும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளோடும் பென்டகன் செலவைப் பகிர வழிசெய்தது. அதன் முன்னோடி வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் என்ற தரைப்படைத் தளம் (பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் தளமூடல் நடைமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை). அருகிவரும் ஒருவகை மரங்கொத்தியைக் காக்கும் விதிகள் 1990களில் அங்கே பயிற்சியை முடக்கின. தளத்துக்கு வெளியே உள்ள பைன் காட்டைக் காத்தால் தளத்துக்குள் கட்டுப்பாடு தளரும் என்று ராணுவமும் இயற்கை ஆர்வலர்களும் கைகோத்தார்கள். விவசாயி தன் நிலத்தை விற்கவேண்டியதுகூட இல்லை. வீட்டுமனையாக்கும் உரிமையை மட்டும் விற்றுவிட்டு உழவைத் தொடரலாம்.

தளத்துக்குள் மாநிலப் பணம்

குரோட்டன் பிழைத்ததும் கனெக்டிகட் சும்மா இருக்கவில்லை. தளத்தின் கட்டுமானத்துக்காக 5 கோடி டாலர் வரை கடன்பத்திரம் வெளியிட ஒப்புதல் அளித்தது. ராணுவ விவகாரங்களுக்கென்று தனி அலுவலகமும் திறந்தது. முக்குளிப்பவர்களுக்கான கட்டடம் போன்றவற்றுக்கு மாநிலப் பணம் போனது. மாசசூசெட்ஸ் 2014ல் தன் தளங்களுக்காக 17.7 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டெக்சஸ் வேறு விதமாக யோசித்தது. 2003ல் வாக்காளர்களிடம் 25 கோடி டாலர் வரை கடன்பத்திரத்துக்கு இசைவு பெற்று, தளத்தை ஒட்டிய ஊர்களுக்குக் கடனாகக் கொடுக்கும் நிதியை உருவாக்கியது. கடன் என்பதால் பணம் திரும்பி வரும். ஊரும் யோசித்துத்தான் கேட்கும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஓக்லஹோமா. டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒட்டி ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை ஒன்று 2006ல் மூடப்பட்டது. பெரிய கூடம், மின்வசதி, சாலை எல்லாம் தயார். 2008ல் ஓக்லஹோமா கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) மக்கள் 5.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். கவுன்டி அந்தத் தொழிற்சாலையை வாங்கிப் பெயரளவு வாடகைக்கு விமானப்படையிடம் கொடுத்தது. பழுதுபார்க்கும் பணிகள் அங்கே விரிந்தன. கவனிக்கவேண்டியது, சொத்து கவுன்டியின் பெயரில் இருக்கிறது. விமானப்படை நாளை போனாலும் கட்டடம் போகாது. கனெக்டிகட் தளத்துக்குள் கட்டிக்கொடுத்ததற்கு அந்த வசதி இல்லை.

இதற்கும் மாற்றுச் சாட்சி உண்டு. சான் அன்டோனியோவின் புரூக்ஸ் தளத்தில் ஒரு துணிச்சலான சோதனை நடந்தது. 2002ல் தளத்தின் நிலம் உள்ளூர் அமைப்புக்கே எழுதிக் கொடுக்கப்பட்டது. விமானப்படை வாடகைதாரராக இருந்துகொண்டது. பராமரிப்புச் செலவு குறைந்தால் தளத்தை ஏன் மூடப்போகிறார்கள் என்பது கணக்கு. மூன்றே ஆண்டில் 2005 பட்டியலில் புரூக்ஸ் வந்தது, மூடப்பட்டது. செலவு குறைவு என்பது நான்காவது அளவுகோல். “இந்தப் பணி இங்கேயே நடக்கவேண்டுமா” என்ற முதல் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. நிலம் ஏற்கெனவே கையில் இருந்ததால் ஊர் அதை வளர்த்துக்கொண்டது என்பது வேறு விஷயம். அதே சுற்றில் முப்படைகளின் மருத்துவப் பயிற்சி சான் அன்டோனியோவின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் குவிந்ததால் நகரம் மொத்தத்தில் இழக்கவில்லை.

தளத்துக்குள் கட்டுவதானால், ஒரு குறிப்பிட்ட பணியை அந்த இடத்தோடு கட்டிப்போடும் கட்டடமாக இருக்கவேண்டும். நுழைவாயிலுக்கு அழகான வளைவும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டிக்கொடுத்தால், திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டிய தளபதி இரண்டு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார்.

பணமே இல்லாமல்

2018 பிப்ரவரியில் தரைப்படை, கடற்படை, விமானப்படைச் செயலர்கள் மூவரும் ஆளுநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். புதிய படைப்பிரிவை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது, உள்ளூர்ப் பள்ளிகளின் தரத்தையும், வீரர்களின் துணைவர்களுக்குத் தொழில் உரிமம் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் பார்ப்போம் என்றார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்றலாகும் வீரரின் மனைவி செவிலியராகவோ ஆசிரியராகவோ இருந்தால், ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாக உரிமம் வாங்கவேண்டும். கட்டணம், தேர்வு, காத்திருப்பு. உரிமம் வரும்போது அடுத்த மாற்றல் உத்தரவும் வந்துவிடும். வெறுத்துப்போய் வீரரே படையை விட்டு விலகுகிறார்.

வேறு மாநில உரிமத்தை அப்படியே ஏற்கும் சட்டத்துக்குச் செலவு எதுவும் இல்லை; உரிம வாரியங்களின் முணுமுணுப்பைத் தாங்கினால் போதும். 2019ல் அரிசோனா எல்லாத் தொழில்களுக்குமாக இதைச் செய்த முதல் மாநிலம் ஆனது. பிறகு பலரும் தொடர்ந்தார்கள். 2023 ஜனவரியில் மத்தியச் சட்டமும் ராணுவக் குடும்பங்களின் உரிமத்துக்கு நாடு முழுவதும் செல்லுபடி கொடுத்துவிட்டது. எனவே இதில் இனி யாரும் யாரையும் முந்தமுடியாது. பள்ளியின் தரம் மட்டும் இன்னும் திறந்தே கிடக்கும் போட்டி. அதில் போடும் பணம் தளத்தில் வேலைசெய்யாதவரின் பிள்ளைக்கும் போய்ச்சேரும்.

மூடினால் என்ன என்று முன்பே யோசிப்பது

தளத்தைக் காக்கும் குழுக்களில் இதைப் பேசினால் துரோகி என்பார்கள். நாமே திட்டம் போட்டால் பென்டகனுக்குத் துணிச்சல் வரும் என்பது வாதம். இரண்டு விமானத் தளங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நியூ ஹாம்ப்ஷயரின் பீஸ் விமானப்படைத் தளம் 1988 பட்டியலில் வந்து 1991ல் மூடப்பட்டது. இன்று அது தொழிற்பூங்கா. தளம் இருந்தபோது இருந்ததைவிட அதிகம் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். மெய்னின் வடகோடியில் உள்ள லோரிங் 1994ல் மூடப்பட்டது. பெரிய ஓடுபாதை அங்கேயும் இருந்தது. ஆனால் பீஸுக்கு இருந்ததுபோல் பாஸ்டன் பெருநகரம் பக்கத்தில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் மக்கள்தொகையே சுருங்கியது. பீஸின் வெற்றியைக் காட்டி லோரிங் போன்ற ஊருக்கு ஆறுதல் சொல்வது ஏமாற்று.

தளத்தை எந்த விலைக்கும் தக்கவைத்தே ஆகவேண்டும் என்பதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கேனனைக் காக்கப் போராடியது நியூ மெக்சிகோ. அதே நியூ மெக்சிகோ 2019ல் விமானப்படை மீது வழக்குப் போட்டது. தீயணைப்பு நுரையில் இருந்த வேதிப்பொருள் தளத்திலிருந்து கசிந்து நிலத்தடி நீரில் கலந்திருந்தது. பக்கத்துப் பால்பண்ணையின் மாடுகளைக் கொல்லவேண்டியதாயிற்று. பீஸிலும் அதே வேதிப்பொருளால் 2014ல் குடிநீர்க் கிணறு ஒன்று மூடப்பட்டது. தளம் இருந்தாலும் போனாலும் கிணற்று நீரைச் சோதிக்கும் செலவு வீணாகாது. தளக் காப்புக் குழுவின் பட்ஜெட்டில் அது ஒரு வரியாக இருந்தே தீரவேண்டும்.

இருக்கிற பணத்துக்கு என்ன வரிசை

2005க்குப் பிறகு ஒரு சுற்றுகூட நடக்கவில்லை என்பதால், அதன்பின் மாநிலங்கள் செய்த செலவு எதுவும் தேர்வு எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் திட்டத்தால்தான் தளம் நிலைத்தது என்று எந்த ஆளுநராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடவேண்டாம். தளம் நிலைத்திருப்பதற்கு முதல் காரணம் காங்கிரஸ். பென்டகன் 2012 முதல் பலமுறை புதிய சுற்று கேட்டது. தன் வசதிகளில் 19 சதவீதம் உபரி என்று 2017ல் சொன்னது. காங்கிரஸ் அசையவில்லை. 2005 சுற்றுக்கே 2,100 கோடி டாலர் என்று போட்ட செலவு 3,500 கோடிக்கு ஏறியதும் எதிர்த்தவர்களுக்குக் கையில் கிடைத்த ஆயுதம்.

ஆனால் சுற்று வராததால் ஆபத்து இல்லை என்று ஆகாது. 1977ன் பழைய சட்டம் காப்பது தளத்தின் சிவிலியன் பணியிடங்களைத்தான். சீருடைக்காரர்களையும் விமானங்களையும் நகர்த்த பிராக் தேவையில்லை. 2015ல் தரைப்படை 40,000 வீரர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பல ஊர்களுக்கு இது விளங்கியது. பூட்டு விழாமலே தளம் வெறுமையாகலாம்.

நான் ஆளுநரின் நிதிக்குறிப்பை எழுதுவதாக இருந்தால், நகரத்துக்குள் சிக்கிய தளத்துக்கு நிலம்தான் முதல் வரி. இருக்கிற வீடுகளை இடிக்கப் போகவேண்டாம். அடுத்த மனைப்பிரிவைத் தடுப்பதற்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்கு. மனைப்பிரிவு அனுமதி நகராட்சியின் கையில் இருப்பதால், மாநில உதவித்தொகையை அந்த அனுமதியோடு முடிச்சுப் போடுவேன். ஒதுக்குப்புறத்துத் தளத்துக்கு நிலம் பிரச்சினை இல்லை. வான்வெளி, தண்ணீர், கழிவுநீர், பள்ளி. அங்கே தொழிற்சாலையோ கட்டடமோ வாங்குவதானால் ஓக்லஹோமா செய்ததுபோல் பத்திரம் நம் பெயரில் இருக்கட்டும்.

வாதாடும் குழுவுக்குச் சிறு தொகை போதும். ஆனால் அது ஆண்டுதோறும் வேண்டும், தளத்தின் எண்களைப் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு. எந்தப் பிரிவு எந்த ஓடுபாதையை எவ்வளவு பயன்படுத்துகிறது, பக்கத்து மாநிலத் தளத்தில் அதே பணிக்கு எவ்வளவு ஆகிறது என்று அவர்கள் எப்போதும் கணக்கு வைத்திருக்கவேண்டும். 2005 மே முதல் ஆகஸ்ட் வரை கிடைத்தது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். அந்த அவகாசத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

பனியன் அச்சடிக்கும் செலவை மட்டும் ஊர் வணிகர் சங்கத்திடம் விட்டுவிடலாம். அவர்கள் எப்படியும் அச்சடிப்பார்கள்.